ஹுமேரா நீக்கிய ஒரு வரி

கணபதி பகுதியில், சத்தி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் கீழே லேத் பட்டறையும் மேலே எங்கள் அலுவலகமும் இருந்தன. நூலுக்குச் சாயமேற்றும் இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து விற்பது எங்கள் தொழில். அங்கே கூட்டக் குறிப்புகளையும் பழுது அறிக்கைகளையும் எழுதிவைப்பது என் வேலை. ஹுமேராவைப் பற்றி இன்று வெளியே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தவர் என்பார்கள் சிலர். ஒரு ஆளைக் காப்பாற்றியவர் என்பார்கள் வேறு சிலர். இரண்டு கூட்டமும் பாதியைத்தான் சொல்கிறது. அன்று அந்த அறையில் நான் இருந்தேன். நான் கண்ணால் பார்க்காத இடங்கள் எவை என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஹுமேரா கோட்டைமேட்டுப் பெண். அப்பா முஸ்தபா உக்கடத்தில் ஒரு மரக்கடையில் அளவுக்காரர். தேக்குக் கட்டையை ஒருமுறை அளந்து கன அடி சொல்லிவிட்டு, வாங்குகிறவர் தலையாட்டிய பிறகும் மறுபடி அளப்பார் என்று அந்தப் பகுதியில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அம்மா உம்மல் குல்சும் மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கப் பிடிவாதமாக நின்றவர். டிப்ளமோ முடித்து எங்களிடம் வந்த ஹுமேரா, வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் பட்டமும் வாங்கினார். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, இடையில் ஒரு வருடம் வராமல் இருந்து, திரும்ப வந்தபோதும் அதே ஜன்னலோர மேசையைத்தான் கேட்டார். கேட்டதைக் கொடுத்தோம். அவரைப்போல நிதானமாகக் கணினி நிரல் எழுதுகிறவர் எங்களிடம் வேறு யாரும் இல்லை.

எங்கள் பெட்டிகளுக்குள் ஓடும் மென்பொருள் மிகப் பெரியது. பல வருடங்களாகப் பலர் எழுதிச் சேர்த்தது. எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர் என்கிற இன்னொரு மென்பொருள். தப்பாக எழுதினால் அது நின்றுவிடும். தப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாத, ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் ஒரு வார்னிங் போட்டுவிட்டு மேலே போய்விடும். 'இந்த இடத்தில் ஒரு எண்ணை வைக்கிறாயே, பிறகு அதை எடுக்கவே இல்லையே' என்பதுபோல. எங்கள் அலுவலகத்தில் யாரும் அவற்றைப் படித்ததில்லை. திரையில் மஞ்சள் எழுத்துகள் மேலேறிப் போகும், அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள். ஒருநாள் ஹுமேரா எண்ணிப் பார்த்தார். மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு இருந்தன.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்கள் பெட்டிகளை வாங்க முன்வந்தது. அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, கம்பைலர் வார்னிங் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது. முதலாளி தம்பிதுரை, பெருந்துறைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர். நிரல் அவருக்குத் தெரியாது, ஆள் தெரியும். அந்த வேலையை அவர் ஹுமேராவிடம் கொடுத்தார்.

வார்னிங்கை மறையச் செய்வது சுலபம். 'இதைச் சொல்லாதே' என்று கம்பைலருக்கு ஒரு வரியில் கட்டளை கொடுத்துவிடலாம். ஹுமேரா அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் அந்த வரியை எழுதியவரைத் தேடிப் போய், எதற்காக எழுதினீர்கள் என்று கேட்டார். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் போன் போட்டார். பெங்களூரில் இருந்த ஒருவர், மூன்றாம் முறை கூப்பிட்டபோது தான் குளியலறையில் இருப்பதாக மனைவியை விட்டுச் சொல்லச் சொன்னாராம். பக்கத்து மேசையில் இருந்த சைத்ரா, "கம்பைலராவது சொல்லிப்போட்டுப் போயிருமுங்க. அக்கா நீங்க பதில் வாங்காம நகர மாட்டீங்க" என்பாள். ஹுமேரா சிரித்துக்கொண்டே அடுத்த வரியைக் கேட்பார்.

கேட்க முடியாத ஆள் ஒருவர்தான் இருந்தார். சுந்தரராஜுலு. தம்பிதுரையோடு சேர்ந்து இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். முதல் பெட்டிக்கான நிரல் முழுவதும் அவர் கையால் எழுதியது. இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பீளமேட்டில் வீட்டோடு இருந்தார். அவர் எழுதிய கோப்புகளில் அறுபதுக்கும் மேற்பட்ட வார்னிங் இருந்தன. அவரைப் பார்த்துக் கேட்கலாமா என்று ஹுமேரா தம்பிதுரையிடம் அனுமதி கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"வேண்டாம் அம்மணி. படுத்திருக்கிற மனுசன்கிட்டப் போயி, இதை ஏன் இப்பிடி எழுதுனீங்கன்னு கேட்டா, குத்தம் சொல்ற மாதிரி ஆயிருமுங்க. நீங்களே பாத்துச் செஞ்சுபோடுங்க."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பெரியவர் செய்த வேலையைப் பற்றி அவரிடமே காரணம் கேட்பது மரியாதை இல்லை. நான் உட்பட யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. ஹுமேராவும் மறுத்துப் பேசவில்லை. அந்த அறுபது சொச்சத்தையும் ஒவ்வொன்றாகத் தானே யோசித்துத் தீர்த்தார். அவற்றில் ஒன்று, இயந்திரத்துக்குள் இருக்கும் அழுத்தத்தைச் சென்சாரிலிருந்து படித்து ஒரு இடத்தில் வைக்கும் வரி. அடுத்த வரியிலேயே மறுபடி படித்து இன்னொரு இடத்தில் வைத்திருந்தார். முதலில் படித்ததை எங்கேயும் பயன்படுத்தவில்லை. அதற்கான குறிப்பும் ஏதும் இல்லை. தேவையில்லாத வரி என்று முடிவு செய்து ஹுமேரா அதை நீக்கினார். வார்னிங் ஒன்று குறைந்தது.

கடைசி வார்னிங் போன மறுநாள், புது நிரலை எடுத்துக்கொண்டு பிரவின்குமார் சென்னிமலைக்குப் புறப்பட்டான். பெட்டிகளைப் பொருத்திக் கொடுப்பது அவன் வேலை. மலைக்குப் போகும் வழியில் சாமியாத்தாள் என்கிற அம்மாளின் சாயப் பட்டறை இருக்கிறது. பெட்ஷீட்டுக்கான நூலுக்குச் சாயம் போடுகிறார்கள். எதையும் முதலில் அங்கே போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். தம்பிதுரைக்கு அவர் தூரத்து உறவு, அக்கா முறை.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆள் உயர எஃகு அண்டா. நூல் உருளைகளை உள்ளே அடுக்கி, மூடியைக் கைச்சக்கரத்தால் இறுக்கிவிட்டு, சாயத் தண்ணீரை நூற்று முப்பது டிகிரி வரைக்கும் சூடேற்றுவார்கள். பாலியஸ்டர் கலந்த நூலுக்கு அவ்வளவு சூடு வேண்டும். பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை சக்கரத்தை ஒரு கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும், சிவப்பு விளக்கு எரியும். அழுத்தம் இல்லை என்று எங்கள் பெட்டி சொன்னால் கொக்கி விலகும், பச்சை எரியும். ஒருமுறை விலகினால், மூடியைத் திறந்து மூடிய பிறகுதான் கொக்கி மறுபடி விழும். அழுத்தம் காட்டும் முள் மானி ஒன்று அண்டாவிலேயே உண்டு. சாமியாத்தாள் பட்டறையில் அதன் கண்ணாடி சாயம் படிந்து எப்போதோ கறுத்துவிட்டது. இயந்திரத்தை ஓட்டும் செங்கோட்டையனுக்கு விளக்குதான் கணக்கு.

அன்று பதினொரு மணிக்குமேல் அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாக்கு கொடுத்தார்கள். வார்னிங் எதுவும் இல்லை என்று திரையில் வந்ததைச் சைத்ரா படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. பரிசோதனை மேசைக்கு யூபிஎஸ் உண்டு, ஆனால் பேட்டரி மாற்றுவதற்காக அதை முந்தின நாள்தான் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். மேசையில் இருந்த பெட்டியும் அணைந்தது. அதனோடு காற்றழுத்தம் நிரப்பிய ஒரு சிறிய உருளையையும் ஒரு கொக்கியையும் இணைத்துவைத்திருந்தோம், அண்டாவுக்குப் பதிலாக. கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. ஹுமேரா கையில் இருந்த இனிப்பை வாயில் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். உருளைக்குள் அழுத்தம் இருக்கிறது. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது.

அவர் இனிப்பைக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டுப் பெட்டியை அணைத்தார். கொக்கியைத் திருப்பி மாட்டிப் பெட்டியைப் போட்டார். 'டக்' என்று கொக்கி விலகும் சத்தம் கேட்டது. பச்சை. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடியும் பச்சை. பிறகு தன் மேசைக்கு ஓடிப்போய்ப் பழைய நிரலைத் திறந்து சுந்தரராஜுலுவின் அந்த இரண்டு வரிகளைப் பார்த்தார்.

மின்சாரம் வந்ததும் அந்தச் சென்சார் கொடுக்கும் முதல் எண் எப்போதும் பூஜ்யம். அதற்கு அப்போது ஒன்றும் தெரியாது. போர்வெல் குழாயைத் திறந்ததும் முதலில் வரும் துருத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு அடுத்து வருவதைப் பிடிப்போமே, அப்படி சுந்தரராஜுலு முதல் எண்ணை வாங்கிக் கீழே போட்டிருக்கிறார். வரியை நீக்கியதும் பெட்டி அந்தப் பூஜ்யத்தை நம்பிவிட்டது. அடுத்த நொடியே சரியான எண் வந்தாலும், அதற்குள் கொக்கி விலகிவிடும்.

ஹுமேரா பிரவின்குமாரைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. பட்டறைக்குள் ஆவி அதிகம் என்று அவன் போனை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிடுவான், அது எல்லோருக்கும் தெரியும். செங்கோட்டையனிடம் போன் இல்லை. ஹுமேரா தம்பிதுரையின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனார். நானும் பின்னால் போனேன். மூடியைத் திறக்கச் சொல்லி விளக்கு எரியும், உள்ளே நூற்று முப்பது டிகிரி இருக்கும் என்று மூச்சு வாங்கச் சொன்னார். தம்பிதுரைக்கு விவரம் முழுதாகப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. விபரீதம் என்பது புரிந்தது. உடனே சாமியாத்தாளின் எண்ணைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

அந்த அம்மாள் எடுத்தார்.

"ஏனுங்க அக்கா, சௌக்கியமுங்களா? பேத்திக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே, இப்பத் தேவலைங்களா?"

இதற்காக யாரும் தம்பிதுரையைக் குறை சொல்ல வேண்டாம். பெரியவர்களைக் கூப்பிட்டால் முதலில் நலம் விசாரிப்பார், பிறகு மழை, பிறகுதான் விஷயம். முப்பது வருடப் பழக்கம், நாக்கு தானாக அங்கே போய்விட்டது. அந்தப் பக்கம் பேத்தியின் காய்ச்சலைப் பற்றிப் பதில் தொடங்கியது. டாக்டர் என்ன சொன்னார் என்பதற்கு வந்தது. ஹுமேரா மேசைமேல் சாய்ந்து போனைக் கையில் எடுத்தார்.

"அக்கா, ஹுமேரா பேசறனுங்க. சாய மிசினு மூடியில யாரும் கை வெக்கக் கூடாது. உள்ள பிரசர் இருக்கு. பச்சை எரிஞ்சாலும் தொறக்க வேண்டாம்."

"இப்பத்தான் கரண்டு போயிட்டு வந்துது கண்ணு. நான் ஊட்ல இருக்கறேன், பட்டறை எதுத்தாப்ல..."

"பேசாதீங்க அக்கா. ஓடுங்க."

அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாளிடம், முதலாளியின் உறவுக்காரரிடம், எங்கள் அலுவலகத்தில் யாரும் இப்படிப் பேசியதில்லை. போனில் நாற்காலி நகரும் சத்தமும் செருப்பின் சத்தமும் கேட்டன. சாலையில் ஏதோ ஒரு லாரி. பிறகு பட்டறையின் பம்பு இரைச்சல், அதற்குமேல் அந்த அம்மாளின் குரல்.

"செங்கோட்டா! உடு! உட்டுட்டு இந்தப் பக்கம் வா!"

அதன்பின் நெடுநேரம் இரைச்சல் மட்டும்தான். நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சைத்ரா கதவருகில் வந்து நின்றவள் உள்ளே வரவில்லை.

பட்டறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிரவின்குமாரும் செங்கோட்டையனும் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போயின. சாயம் கொதித்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்ததும் பச்சை எரிந்தது. ஓட்டம் முடிந்துவிட்டது, புது நிரலில் நேரம் குறைவுபோல என்று செங்கோட்டையன் நினைத்திருக்கிறான். பிரவின்குமார் முகம் கழுவப் போயிருந்தான். சக்கரம் கொஞ்சம் நகர்ந்து இறுகி நின்றது. உள்ளிருந்த அழுத்தம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணி, நெம்புவதற்கு இரும்புக் குழாய் ஒன்றை எடுத்துவந்து சக்கரத்துக்குள் சொருகிவிட்டான். ஒரு நெம்பு நெம்பியபோது மூடியின் விளிம்பில் ஊசிபோல ஆவி கிளம்பி அவன் மணிக்கட்டில் பட்டது. கையை உதறிக்கொண்டு மறுபடி குழாயைப் பிடிக்கப் போன நேரத்தில் சாமியாத்தாள் வாசலில் நின்று கத்தினார்.

போனில் பிரவின்குமாரின் குரல் வந்தது. "அக்கா, ஆவி அடிக்குது. சக்கரம் காவாசி சுத்தியிருக்குங்க. திருப்பி இறுக்கிப்போடட்டுங்களா?"

"தொடாதே. குழாயையும் உருவாதே. எல்லாரும் வெளிய வாங்க. பாய்லர் ரூம்ல போயி ஸ்டீம் வால்வை மூடு. பம்பை மெயின் போர்டுல நிறுத்து. மிசினுக்கு முன்னாடி யாரும் நடக்க வேண்டாம், சுவத்தோரமாப் போங்க."

"செங்கோட்டண்ணன் கை..."

"மணிக்கட்டு மட்டுந்தானா?"

"ஆமாங்க."

"தண்ணியில காட்டச் சொல்லு. வெளிய இருக்கற குழாய்ல."

அண்டா தானாகக் குளிர வேண்டும். வேறு வழி இல்லை. அதற்குள் மூடியின் பிடி நழுவினால், அந்தத் தகரக் கொட்டகையின் கூரை போய்விடும். ஹுமேரா போனை வைக்க விடவில்லை. நடுநடுவே, ஆவியின் சத்தம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பிரவின்குமார் சாலையிலிருந்து காது கொடுத்துக் கேட்டுச் சொன்னான். அப்படியே இருக்கிறது என்று பலமுறை சொன்னான். கொஞ்சம் கூடின மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னபோது, சாலையின் அந்தப் பக்கம் போகச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. பிறகு குறைகிறது என்றான். பிறகு கேட்கவில்லை என்றான். அப்போதும் ஹுமேரா இன்னும் ஒரு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது என்றார்.

அதன்பின்தான் அவர் உட்கார்ந்தார். தம்பிதுரை ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, அந்த வரியை நீக்கியது நான்தான் என்பது.

அன்று சாயங்காலம் பழுது அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் நேர்ந்தது என்று போட்டால் போதாதா என்று தம்பிதுரை தயங்கிக் கேட்டார். வெளிநாட்டு ஆர்டர் அவர் மனத்தில் இருந்தது. ஹுமேரா, அப்படிப் போட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தம்பிதுரை பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன். வெளிநாட்டுக் கம்பெனிக்கும் அதன் நகல் போனது. அவர்கள் ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். இன்றுவரை அது வரவில்லை.

மறுநாள் ஹுமேரா பீளமேட்டுக்குப் போனார். இம்முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, துணைக்கு என்னை மட்டும் அழைத்தார். சுந்தரராஜுலு மெலிந்திருந்தார். மடியில் ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்திருந்தார். ஹுமேரா சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"எழுதி வெக்காதது என் தப்பு" என்றார். "நீங்க கேக்காதது?"

நான், நீங்கள் உடம்பு சரியில்லாமல் இருக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாதென்று எண்ணினோம் என்றேன்.

"நாள் பூரா சமையல் நிகழ்ச்சி பாத்துட்டு உக்காந்திருக்கறனுங்க. அதுவும் உப்பில்லாத சாப்பாடு தின்னுக்கிட்டு. யாராச்சும் ஏதாச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருக்குது."

அவர் எழுதிய கோப்புகளில் தீர்த்த மற்ற அறுபது சொச்சத்தையும் ஹுமேரா மடிக்கணினியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். இன்னும் இரண்டு இடங்களில், வேண்டாம், அது இருக்கட்டும் என்றார் சுந்தரராஜுலு. அந்த இரண்டால் ஆளுக்கு ஆபத்து வந்திருக்காது, சாயத்தின் நிறம்தான் மாறியிருக்கும். ஹுமேரா அங்கேயே அந்த இரண்டையும் பழையபடி மாற்றினார். அழுத்தத்தைப் படிக்கும் அந்த வரியும் திரும்ப உள்ளே போனது. படித்த எண்ணை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம் என்று கம்பைலருக்குத் தெரியும்படி எழுத ஒரு முறை உண்டு, அப்படி எழுதினார். மேலே ஏன் என்பதற்கு நான்கு வரிக் குறிப்பு, கீழே இரண்டு பேரின் பெயர்.

புது நிரலைப் பொருத்த அவரே சென்னிமலைக்குப் போனார். நானும் போனேன். செங்கோட்டையன் மணிக்கட்டில் கட்டோடு வந்து நின்றான். ஹுமேரா அவனிடம், அந்த விளக்கு தவறாக எரிந்ததற்குக் காரணம் நான் என்று நேராகச் சொன்னார்.

"சொல்லிப்போட்டீங்க, செரிங்க. எனக்கு எழுத்தெல்லாம் தெரியாதுங்க அம்மணி, வெளக்குத்தான் தெரியும். இனி அது எரிஞ்சா நான் எப்பிடிங்க கை வெக்கறது?"

மானியின் கறுத்த கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதை ஹுமேரா காட்டினார். அவன் தலையசைத்தானே தவிர, பக்கத்தில் வரவில்லை. நூலை அடுக்கி மூடியை இறுக்கிச் சூடேற்றினோம். உச்சத்துக்குப் போனதும் ஹுமேரா மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். விளக்குகள் அணைந்தன. பிரவின்குமார் சுவிட்சைப் போட்டான். எல்லோருடைய கண்ணும் பெட்டியின்மேல் இருந்தது. சிவப்பு. மறுபடி அணைத்துப் போட்டார்கள். சிவப்பு. பலமுறை செய்தார்கள். கொக்கி அசையவில்லை.

பிறகு ஓட்டம் முடியும்வரை காத்திருந்தோம். அண்டா குளிர்ந்தது, மானியின் முள் இறங்கி அடியில் படுத்தது. 'டக்' என்றது கொக்கி. பச்சை எரிந்தது.

யாரும் நகரவில்லை. செங்கோட்டையன் சுவரோரமாகவே நின்றான். சாமியாத்தாள் வாசலில் நின்றார். போய்த் திற என்று அவனிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஹுமேரா துப்பட்டாவை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு அண்டாவிடம் போனார். மானியை ஒருமுறை பார்த்தார். வடிகால் குழாயைத் திறந்து, உள்ளிருந்து ஏதும் சீறி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. இரண்டு கைகளையும் சக்கரத்தின்மேல் வைத்தார். அது இறுகியிருந்தது. அவருக்கு அவ்வளவு பலம் போதவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். பிரவின்குமார் ஒரு அடி எடுத்துவைத்தான். அவர் தலையசைத்து அவனை நிறுத்தினார்.

சுவரோரமிருந்து செங்கோட்டையன் வந்தான். கட்டுப் போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, நல்ல கையை அவருடைய கைகளுக்குப் பக்கத்தில் சக்கரத்தில் போட்டான்.

"இந்தப் பக்கமுங்க அம்மணி. நீங்க இறுக்கறீங்க."

இரண்டு பேருமாகத் திருப்பினார்கள். மூடி மெல்ல எழுந்தது. உள்ளே நீல நிற நூல் உருளைகள் வெதுவெதுப்பாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டு வரிசையாக நின்றன.